திரும்பி நிற்கும் மயில்

தன் கல்யாணப் பந்தியில், "ஜாக்கெட் எங்க குடுத்துத் தைச்ச?" என்று யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று இலை இலையாகச் சுற்றி வந்த பெண் ஒருத்தி உண்டென்றால் அது நான்தான். பாயசம் வந்ததா, அப்பளம் வேண்டுமா என்று விசாரிக்கிற சாக்கில் வலது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் காட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் சிவகங்கைச் சித்தி ஒருவழியாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஏத்தா, கை எதுவும் சுளுக்கிருச்சா?"

2018 தையில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக் கொடுத்தது காஞ்சிபுரம் பட்டு. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடா என்று ஓட்டி, சேருமிடத்தில் இழையோடு இழை பின்னுகிற கோர்வைப் புடவை. முந்திக்கு அப்பால் அதே அரக்கில் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணி. அந்த 80 சென்டிமீட்டரை வெட்டித் தப்பினால் அதே நிறத்தில், அதே சாயத்தில் இன்னொன்று உலகத்தில் கிடையாது. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தத் துணியின் அருமை தெரியாமல் கை வைத்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது. நன்றாகத் தெரிந்துதான் கை வைத்தேன்.

ஆரி வேலைக்கு ஒரு கடையில் 9,000 ரூபாய் கேட்டார்கள். நான் வங்கியில் கணக்குப் பார்ப்பவள். கடை வாசலிலேயே மனக்கணக்குப் போட்டேன். ஜரி நூல், பட்டு நூல், கண்ணாடி மணி, குந்தன் கல் எல்லாம் சேர்த்தாலும் 600 தாண்டாது. மீதி 8,400 எதற்கு? அந்த மீதிக்குப் பெயர் 'கை' என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் சிக்கனம் என்று சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. நாத்தனாரின் கல்யாண ஆல்பத்தைக் காட்டியிருந்தார்கள். அதில் அவருடைய முதுகை மட்டும் 11 படம் எடுத்திருந்தார்கள். முதுகு முழுக்க அன்னப்பட்சியும் கொடியுமாக ஜொலித்தது. அதைப் பார்த்த அன்றே, என் முதுகுக்கு 12 படம் என்று முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு 1985-இல் கல்யாணம். ஜாக்கெட்டில் மொத்த அலங்காரமே பஃப் கைதான். "அப்பல்லாம் மூஞ்சியப் பாத்துத்தான்டி படம் எடுப்பாக" என்றார் அம்மா.

எங்கள் தெருவிலேயே ஓர் அக்கா வீட்டில் ஆரி வகுப்பு. மூன்று மாதம் பழைய துணியில் பழகிவிட்டு அப்புறம் பட்டில் கை வை என்றார். மூன்று வாரத்தில் வைத்தேன்.

ஆரி ஊசியின் முனையில் மிகச் சின்ன கொக்கி ஒன்று இருக்கும். துணியை மரச்சட்டத்தில் பறைத்தோல் மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும். நூல் துணிக்கு அடியில் இடது கையில் இருக்கும். மேலிருந்து ஊசியைக் குத்தி, அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி, மேலே வளையமாக இழுத்து, அந்த வளையத்துக்குள் அடுத்த குத்து. கேட்க இவ்வளவுதான். ஆனால் ஊசி உள்ளே இறங்கி மேலே வருவதற்குள் விரலிடுக்கில் அரைச் சுற்று திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கொக்கி பட்டிழையையும் கவ்விக்கொண்டு வரும். பட்டு 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை இப்போது கேட்டாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். எங்கெல்லாம் 'டிக்' கேட்டதோ அங்கெல்லாம் ஒரு குந்தன் கல்லை ஒட்டினேன். முடிந்து பார்த்தபோது, கல் வைக்கத் திட்டமிட்டது 40. வைத்தது 112.

குஜராத்தின் கட்ச் பக்கம் தோல் தைத்தவர்களின் ஊசியிலிருந்து வளர்ந்த வேலை இது என்று அப்பா எங்கேயோ படித்துவிட்டு வந்தார். "நீ செருப்புல ஆரம்பிச்சிருக்கலாம். தப்பிப் போனாலும் காலுக்குக் கீழ கெடக்கும், யாரும் பாக்க மாட்டாக."

மாதிரியைத் துணியில் இறக்க ஒரு வழி உண்டு. டிரேசிங் தாளில் படம் வரைந்து, கோடு நெடுக ஊசியால் பொடிப் பொடியாகக் குத்தி, துணிமேல் விரித்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் ஓட்டை வழியாகப் புள்ளிகள் இறங்கிக் கோலம் மாதிரி நிற்கும். வலது கைக்கு ஒரு மயில், இடது கைக்கு ஒரு மயில். ஒரு கைக்குத் தேய்த்த பிறகு தாளைக் குப்புறத் திருப்பிப் போட்டுத்தான் அடுத்த கைக்குத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டு மயிலும் முன்பக்கம் பார்க்கும். நான் திருப்பவில்லை. மண்ணெண்ணெய் நெடியில் தலை சுற்றியது என்று பிற்பாடு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குத் தலை நன்றாகவே இருந்தது.

ஐந்து மாதம் அந்த மரச்சட்டம் எங்கள் ஹாலில் கட்டில் போலக் கிடந்தது. அதற்கு மூன்றடி சுற்றுவட்டத்தில் காபிக்குத் தடை போட்டேன். அப்பா டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒரு சனிக்கிழமை என் அக்கா வந்திருந்தாள். அவள் மகனுக்கு அப்போது நாலு வயது. காலையில் தாத்தா அரிசி மூட்டை பிரித்ததை அவன் வேடிக்கை பார்த்திருக்கிறான். மூட்டை வாயில் போட்டிருப்பதும் சங்கிலித் தையல்தான். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் வந்துவிடும். மயிலின் தோகை முடிவில் நான் முடிச்சிட்டுப் பூட்டாமல் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் இழுத்தான். மூன்று சாயங்காலத் தோகை மூன்று விநாடியில் அவன் கைக்கு வந்தது.

"சித்தி, தொறந்துருச்சு!" என்றான். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. அடிக்க மனசு வரவில்லை. அக்காவை மட்டும் இரண்டு நாள் பேசாமல் தண்டித்தேன். பூட்டாதது அக்காவா?

ஆடி மாதம் வளையலுக்குத் தாவினேன். வெறும் பிளாஸ்டிக் வளையலின் மேல் பட்டு நூலை இழை இழையாகச் சுற்றி ஒட்டி, மேலே பால் செயின், கல் என்று வைப்பது. இதில் என் கைத்திறனுக்குப் பெரிய சோதனை இல்லை. என் கணக்கறிவுதான் தோற்றது. வளையல் அளவு 2.4, 2.6, 2.8 என்று போகும், அதற்கு மேலே 2.10. அதாவது 2.8-ஐவிட 2.10 பெரியது! பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் முழங்காலில் நிற்க வைப்பார்கள். அந்தப் புள்ளி தசமப் புள்ளியே இல்லை. 2.4 என்றால் 2 அங்குலமும் 16-இல் 4 பாகமும், அதாவது இரண்டேகால் அங்குலக் குறுக்களவு. வளையல் கடைக்காரர் பத்து வயதுப் பையனாக இருந்தாலும் கையைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார். நான் யாரையும் கேட்கவில்லை. என் கையில் கிடந்த வளையலை ஸ்கேல் வைத்து அளந்தேன். 2.25 வந்தது. 2.2, 2.4 இரண்டில் எது கிட்டத்தில்? 2.2தான். சரி, கச்சிதமாக இருக்கட்டும் என்று 2.2 வாங்கினேன், 24 எண்ணம். மேலே சுற்றிய நூல் உள்பக்கத்தையும் இன்னும் ஒரு நூலளவு குறுக்கியது. இரவு 2 மணி வரை உட்கார்ந்து, என் கையில் ஏறாத 24 வளையல்களை மிக அழகாகச் செய்து முடித்தேன்.

காகிதச் சுருளில் ஜிமிக்கியும் செய்தேன். நீளக் காகிதக் கீற்றை இறுக்கிச் சுருட்டி, நடுவில் விரலால் அழுத்தினால் குடை மாதிரி எழும்பும். உள்ளே பசை தடவிக் காயவைத்தால் கல்லு மாதிரி ஆகிவிடும். முதல் நாள் வரவேற்புக்குப் போட்டேன். மண்டப வாசலில் என் ஒன்றுவிட்ட தங்கைகள் இருவர் பன்னீர்ச் செம்போடு நின்றார்கள். கல்யாணப் பெண்ணுக்கு ஸ்பெஷல் என்று ஆளுக்கு ஏழெட்டு முறை தெளித்தார்கள், காதருகே. அரை மணி நேரத்தில் இடது ஜிமிக்கியின் குடை மெல்ல நெகிழ்ந்து, சுருள் அவிழ்ந்து, தோள் வரைக்கும் ஸ்பிரிங் மாதிரி இறங்கியது. வீடியோவில் இருக்கிறது. மாமியார் வீட்டு ஆள் ஒருவர் "இது என்ன புது மாடலா?" என்று கேட்பதும் இருக்கிறது. நான் ஆமாம் என்று தலையாட்ட, அது ஆடிக்கொண்டே இன்னும் இரண்டு அங்குலம் இறங்குவதும் இருக்கிறது.

ஜாக்கெட்டுக்கு வருகிறேன். கதையில் இனிமேல்தான் எனக்கு முழு மானமும் போகிறது.

ஆரி வேலை முடிந்தது ஆடிக் கடைசியில். வெட்டுவதற்கு முன் அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: "அளவு ஜாக்கெட்ட வச்சு வெட்டு." டெய்லர் கடைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி இது. உடம்பில் சரியாக உட்காருகிற பழைய ஜாக்கெட் ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்போம். நான் பார்த்த 14 நிமிஷ வீடியோவில் ஒரு பெண், அளவு ஜாக்கெட் என்பது பழைய பழக்கம், பிரின்சஸ் கட்டுக்கு உடம்பளவுதான் எடுக்க வேண்டும் என்றிருந்தாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் அவளுக்கு இன்னொரு பெண் அளவெடுத்தாள். நான் கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே எடுத்தேன். தோள்பட்டையை அளக்கக் கையைத் தூக்கினால் தோள்பட்டை இடம் மாறுகிறது. முதுகுப் பக்கம் டேப் எந்த உயரத்தில் போகிறது என்று முதுகுக்குத்தான் தெரியும். மார்புச் சுற்றளவை மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முகூர்த்தம் முடியும் வரை மூச்சு இழுக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்த அளவு மிகச் சரியானது.

லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். நனைக்கவில்லை. தைத்து முடித்துத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டபோது லைனிங் சுருங்க, பட்டு சுருங்க மாட்டேன் என்று நிற்க, முன்பக்கம் வற்றல் மாதிரி ஆனது. முன்கழுத்தில் ஜோடி அன்னம் போட்டிருந்தேன். தையலுக்கு விட வேண்டிய அரை அங்குலத்தை விடாமல் வரைந்திருந்ததால், தோளை மூட்டியபோது ஓர் அன்னத்தின் தலை தையலுக்குள் போய்விட்டது. மீதி உடம்பு கொடியில் தொங்கியது. வெட்டியதில் விழுந்த துண்டுத் துணிகளைக் கூடப் பத்திரமாகச் சேர்த்து, அதே அரக்கில் மணி வைத்து ஒரு சுருக்குப் பை தைத்திருந்தேன். சொல்லப்போனால் அந்தச் சுருக்குப் பை ஒன்றுதான் நான் செய்ததில் குறையில்லாதது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் போட்டுப் பார்த்தேன். கொக்கிக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அம்மா பின்னாலிருந்து இழுக்க, அத்தை முன்னாலிருந்து அமுக்க, ஒரு கொக்கி மாட்டியது. கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை.

"கும்புட முடியிதா?" என்றார் அத்தை.

கும்பிட முடிந்தது, தொப்புளுக்கு நேராக.

"மாலை மாத்தணுமேடி. மாப்பிள்ளை ஆறடி."

அன்று மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் புதுமண்டபத்துக்கு ஓடினேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில், திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று கட்டிய மண்டபம். அப்போது அது முழுக்கத் தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும். கல்தூணுக்குக் கல்தூண் ஒரு தையல் மெஷின். அழகர் ஆற்றில் இறங்கும்போது வேஷம் கட்டுகிறவர்களின் உடை, சாமிக்குச் சாத்தும் பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் ஒரே ஊசியில் ஓடும். ஒரு தூணின் அடியில் கழுத்தில் டேப்போடு பெரியவர் ஒருவர். பையைப் பிரித்தேன்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்துருக்கியாம்மா?"

"இல்லண்ணே. நானே எனக்கு அளவெடுத்து..."

மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாப்பது வருசமா அம்மனுக்குத் தைக்கிறேன். அந்தாத்தாகூடத் தனக்குத்தானே அளவெடுத்துக்கிட்டதில்லம்மா."

அப்புறம் கைகளை எடுத்து மடியில் பரப்பினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "மயிலு ரெண்டும் அங்கிட்டே பாக்குது?" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. அவரே சொன்னார்: "ரெண்டும் இடது கைம்மா."

அழுதேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், "துண்டுத் துணி எதும் கெடக்கா?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து சுருக்குப் பையை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத் தைச்சிருக்கியே" என்று சொல்லிக்கொண்டே பிளேடால் கிழித்தார். மணிகள் கல்தரையில் சிதறி உருண்டன. பக்கத்துக் கடைப் பையன் இரண்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் ஜாக்கெட் கைக்கு வந்தது. அக்குளுக்குக் கீழே இருபுறமும் பட்டை வைத்து விரித்து, லைனிங்கைப் பிய்த்து எறிந்து வேறு போட்டு, அன்னத்தின் தலையைத் தையலுக்குள்ளிருந்து மீட்டு வைத்திருந்தார். கூலி 350. மயிலுக்கு மட்டும் வழியில்லை என்றார். போட்டுப் பார்த்தேன். கை தலைக்கு மேலே போனது. ஆறடி என்ன, ஏழடி மாப்பிள்ளைக்கும் மாலை போடலாம்.

"அண்ணே, இப்ப இத நான் தைச்சதுன்னு சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லு. மேல தெரியிறதெல்லாம் நீதான். போட முடியிறது மட்டும் நானு."

முகூர்த்தத்தன்று காலை வளையல் போட வேண்டும். கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டி, அதன்மேல் வழுக்கி ஏற்றிவிட்டு, கவரை உருவுவது அத்தையின் வித்தை. கைக்கு ஆறு வீதம் ஏற்றினார். அதற்கு மேல் எலும்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஏறியவை இறங்கவும் இல்லை. கல்யாணமான அன்று சாயங்காலம் என் கணவர் எனக்காகச் செய்த முதல் காரியம், மண்டபத்து எலெக்ட்ரீஷியனிடம் ஹாக்ஸா பிளேடு இரவல் வாங்கியது. முதல் வளையல் துண்டானதும் நான், "அய்யோ, வளையல் உடை..." என்று ஆரம்பிக்க, அத்தை ஓடிவந்து வாயைப் பொத்தினார். "உடைஞ்சிருச்சுன்னு சொல்லாத. பெருகிருச்சுன்னு சொல்லு." பன்னிரண்டும் பெருகின.

ஆல்பம் வந்தது. முதுகைத் தேடினேன். அரையடி அகலத்துக்குப் பூ ஜடை, மதுரை மல்லியும் கனகாம்பரமுமாக, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும். அதற்கு அந்தப் பக்கம் 112 கல்லும் கொடியும் எங்கோ இருந்தன. முன்பக்கம் மாலை. மாலைக்கு மேலே நகை. இடது தோளில் முந்தி இறங்கி மணிக்கட்டு வரை மூடியிருந்தது. அந்தப் பக்கத்து மயில்தான் சரியாக முன்னால் பார்க்கிற மயில். 340 படத்திலும் ஜாக்கெட் என்று கண்ணுக்குத் தெரிவது வலது கை ஒன்றுதான். அங்கே கை வங்கிக்குக் கீழே ஒரு மயில், கேமராவுக்கும் மாப்பிள்ளைக்கும் அக்கினிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மண்டபத்துச் சமையற்கட்டைப் பார்த்து நிற்கிறது.

செலவுக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன். மரச்சட்டம், வகுப்புக் கட்டணம், நூல், மணி, கல், பசை, வளையல், வீணான லைனிங், 350 எல்லாம் சேர்த்து 11,260. வங்கிக்காரி எழுதிய கணக்கு, பைசா சுத்தம்.

பந்தியில் யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? ஆகவே நானே சொல்லத் தொடங்கினேன். வளைகாப்பில் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், ரயிலில் எதிர்சீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "என் கல்யாண ஜாக்கெட்ட நானே தைச்சேன்." பெரியவர் அனுமதி கொடுத்ததுதானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். ஏழு வருஷமாகப் புதுமண்டபம் என்ற சொல் என் வாயில் வரவில்லை. இதற்குள் அங்கிருந்த கடைகளே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

போன மாதம் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் வந்திருந்தாள். ஃபேஷன் டிசைனிங் படித்தவள். அவளுக்குத் தையில் கல்யாணம். "அத்தை, நீங்களே தைச்சீங்கள்ல, அந்த ஜாக்கெட்டக் காட்டுங்க" என்றாள். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. எடுத்த எடுப்பில் உள்பக்கம் திருப்பினாள். படித்த படிப்பு அப்படி. அக்குள் பட்டையின் மேல் விரலை ஓட்டினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தையலைப் பார்த்தாள்.

"உள்ள வேற கையா இருக்கே, அத்தை."

"ம்."

"அப்ப நீங்க தைச்சது எது?"

"மயில்."

ஜாக்கெட்டைச் சரியாகத் திருப்பி, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"எந்த மயில்?"

"திரும்பி நிக்கிது பாரு, அது."